திறக்கத் தாமதிக்கும் பக்கம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் காவியத்தைப் பற்றியோ கவிதையைப் பற்றியோ பேசுவதுதான் நம் மரபு. எனக்குத் தரப்பட்ட தலைப்போ, இணையப் பக்கம் ஒன்று திறக்கத் தாமதித்தால் காரணத்தைக் கண்டறிவது எப்படி, அதைச் சரிசெய்வது எப்படி என்பது. இலக்கிய வட்டத்துக்கு இந்தத் தச்சுவேலை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற பத்தாண்டுகளில் நம் கூட்டங்களில் படிக்கப்பெற்ற கட்டுரைகளையெல்லாம் தொகுத்து இணையத்தில் ஏற்றி வைத்தோம். ஏற்றியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். அது முடியவில்லை என்று நமக்கு உணர்த்தியவர் ஒரு நெசவாளி. ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் அந்தப் பெரியவரை உங்களில் பலர் அறிவீர்கள். மேடை ஏறமாட்டார், கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டுப் போவார். நம் வட்டத்தின் தொடக்க காலத் தூண்களுள் ஒருவராயிருந்து மறைந்த தமிழாசிரியர், தறிச் சொற்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார் அல்லவா? அதற்குச் சொற்களை எடுத்துக் கொடுத்தவர் இந்தப் பெரியவர்தாம். மாலை வேளைகளில் ஆசிரியர் குழித்தறியின் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு அமர்ந்துகொள்வார். இவர் நெய்துகொண்டே சொல்லுவார். கட்டுரை படிக்கப்பெற்ற நாளில் பெரியவர் ஊரில் இல்லை. அச்சில் வருவதற்குள் ஆசிரியரும் காலமாகிவிட்டார். இணையத்தில் ஏற்றியிருக்கிறோம் என்று கேள்விப்பட்டதும், தம் கைபேசியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இது சுத்திக்கிட்டே இருக்குது. நம்ம வாத்தியார் எழுதுனது வரவே மாட்டேங்குது," என்றார்.

நான் சொன்ன மறுமொழியை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "என் கணிப்பொறியில் உடனே திறக்கிறதே ஐயா, உங்கள் கைபேசியில்தான் ஏதோ கோளாறு," என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "அப்படியா தம்பி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குமரகோட்டத்தில் கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது நடந்ததாக நம் ஊரில் வழங்கிவரும் செவிவழிச் செய்தியை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். முதற்பாட்டின் முதற்சொற்களிலேயே ஒரு புணர்ச்சியைச் சுட்டி, இதற்கு இலக்கண விதி ஏது என்று அவையில் ஒருவர் தடை எழுப்பினாராம். அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த ஒரு புலவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து காட்ட, அதில் விதி இருந்தது. தடை நீங்கிற்று என்பது மரபு. அந்தக் கதையில் என்னைக் கவர்வது முருகன் அருள் மட்டுமன்று. தடை சொன்னவரைக் 'கோளாறு உம்முடைய காதில்தான்' என்று யாரும் சொல்லி அனுப்பிவிடவில்லை. தடையை மதித்து, அரங்கேற்றத்தை நிறுத்தி, சான்றைத் தேடினார்கள். நானோ சான்று தேடாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

சில நாள் கழித்து, வெளியூர் சென்றிருந்தபோது, என் கைபேசியிலேயே நம் பக்கத்தைத் திறக்க முயன்றேன். எனக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. என் கணிப்பொறியில் உடனே திறந்ததற்குக் காரணம், அது அந்தப் பக்கத்தை முன்பே நூறுமுறை கண்டிருந்ததுதான். ஒருமுறை வந்த படங்களையும் எழுத்துருவையும் உலாவி தன் கிடங்கில் சேமித்து வைத்துக்கொள்கிறது. மறுமுறை கேட்டால் அங்கிருந்தே எடுத்துக் காட்டிவிடுகிறது. வீட்டுக்காரன் இருட்டிலும் தன் வீட்டில் தடுமாறாமல் நடப்பான். விருந்தினனுக்கு விளக்கு வேண்டும். தளத்தை உண்டாக்கியவனே அதன் வேகத்துக்குச் சாட்சி சொல்வது செல்லாது என்பது நான் கற்ற முதற்பாடம்.

இரண்டாவது தவறு, மருந்தை முதலில் வாங்கியது. தாமதம் என்றதும், சர்வருக்குத் திறன் போதவில்லை என்று நானே ஊகித்துக்கொண்டு, கூடுதல் கட்டணம் உள்ள திட்டத்துக்கு மாற்றினேன். வட்டத்தின் பணம் செலவாயிற்று. பக்கம் முன்போலவே சுற்றியது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வைத்திருக்கும் வரிசை நமக்கெல்லாம் மனப்பாடம்: நோய் இன்னதென்று காண்பது முதலில், அதன் காரணம் பிறகு, தணிக்கும் வழி அதன் பின். மேடைதோறும் அந்தக் குறளைச் சொல்லும் நான், காரணத்தைக் காணாமல் மருந்துக் கடைக்குப் போனேன்.

இனி, காரணம் காணும் முறையைச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொடங்கி ஆகஸ்டு 17 வரை, 48 நாட்கள் அத்திவரதர் காட்சி தந்தபோது நம் ஊர் கண்ட கூட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஓர் அன்பர் காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலையில்தான் தரிசனம் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். தாமதம் எங்கே நேர்ந்தது? ஊருக்கு வரும் சாலையிலா? கோயில் வாசலில் வரிசையிலா? உள்ளே மண்டபத்திலா? அல்லது, தரிசனம் விரைவில் முடிந்தும் வெளியே வர வழி தெரியாமல் சுற்றினாரா? 'நாள் முழுவதும் ஆயிற்று' என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வேறு நோய்கள் மறைந்திருக்கின்றன. சாலை நெரிசலுக்கு மண்டபத்தை அகலப்படுத்திப் பயனில்லை. நான் செய்தது அதுதான்.

இணையப் பக்கத்துக்கும் இந்த நான்கு கட்டங்கள் உண்டு. முதலாவது, கேட்பவரின் கருவியிலிருந்து சர்வர் வரைக்கும் இணைப்பு ஏற்படுவது. இரண்டாவது, சர்வர் பக்கத்தை ஆயத்தம் செய்து முதல் எழுத்தை அனுப்பும் வரை காத்திருப்பது. மூன்றாவது, எழுத்தும் படமும் எழுத்துருவும் வந்து இறங்குவது. நான்காவது, வந்தவற்றையெல்லாம் உலாவி அடுக்கித் திரையில் வரைவது. எங்கே எவ்வளவு நேரம் செல்கிறது என்று அளந்தபின்தான் கை வைக்க வேண்டும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கணிப்பொறியிலுள்ள குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகளிலேயே அது இருக்கிறது. எஃப் 12 என்னும் விசையை அழுத்தினால் ஒரு பலகை திறக்கும். அதில் வலையமைப்பு என்ற பிரிவில், பக்கத்துக்காக வந்த ஒவ்வொரு கோப்பும் ஒரு கோடாக வரையப்பட்டிருக்கும். எப்போது கேட்கப்பட்டது, எவ்வளவு காத்திருந்தது, எவ்வளவு நேரம் இறங்கியது என்பதெல்லாம் அக்கோட்டின் நீளத்தில் தெரியும். கோடுகள் மேலிருந்து கீழாகச் சரிந்து வருவதால் இதை அருவிப் படம் என்கிறார்கள். சேமிப்புக் கிடங்கைப் பயன்படுத்தாதே என்று அங்கேயே கட்டளையிடலாம். வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, எளிய கைபேசியைப்போல நடக்கச் செய்யலாம். 2016இல் கூகுள் வெளியிட்ட லைட்ஹவுஸ் என்ற கருவி குறைகளைப் பட்டியலிட்டுத் தருகிறது. இவற்றோடு நான் இன்னொன்றும் செய்தேன். பெரியவரின் வீட்டுக்குப் போய், தறிக்கூடத்தில், அவர் கைபேசியிலேயே திறந்து பார்த்தேன். அளவீடு எவ்வளவு நுட்பமானாலும், அந்த ஓட்டுக் கூரையின்கீழ் நின்று காத்திருந்த நேரம் கற்பித்ததை அது எனக்குக் கற்பிக்கவில்லை.

நோயின் பெரும்பகுதி மூன்றாவது கட்டத்தில் இருந்தது. முகப்புப் பக்கத்தில் கைலாசநாதர் கோயிலும் ஏகாம்பரநாதர் கோபுரமும் நம் ஆண்டு விழாக்களுமாக ஒன்பது படங்களை வைத்திருந்தோம். கைபேசியில் எடுத்தவற்றை எடுத்தபடியே ஏற்றியிருந்தோம். ஒவ்வொன்றும் மூன்று நான்கு மெகாபைட். ஆக, முப்பது மெகாபைட்டுக்குக் குறையாது. நொடிக்கு இரண்டு மெகாபிட் கிடைக்கும் இணைப்பில் முப்பது மெகாபைட் வந்து சேர இரண்டு நிமிடம் ஆகும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட் என்று கணக்கிட்டால் இது விளங்கும். அதிலும் நகைப்புக்குரியது என்னவென்றால், நாலாயிரம் புள்ளி அகலமுள்ள படத்தைக் கைபேசித் திரையில் சில நூறு புள்ளி அகலத்துக்குச் சுருக்கித்தான் உலாவி காட்டுகிறது. முழுச் சேலையையும் விரித்துத் தூக்கிக்கொண்டு போய், கைக்குட்டை அளவுக்கு மடித்துக் காட்டுவது போன்றது அது.

மருந்து எளியது. படங்களை எண்ணூறு புள்ளி அகலத்துக்குக் குறைத்தோம். 2010இல் கூகுள் அறிமுகப்படுத்திய வெப்பி என்ற வடிவத்துக்கு மாற்றினோம். ஜேப்பெக் வடிவத்தைவிட அது இடம் குறைவாகக் கொள்ளும். ஒவ்வொரு படமும் நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிற்று. மேலும், திரையில் கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பகுதிப் படங்களை வாசகர் அங்கே வந்த பிறகு கொண்டுவந்தால் போதும் என்று ஒரு சொல் எழுதிவைத்தோம். படங்களின் அகல உயரங்களையும் முன்கூட்டியே குறித்தோம். குறிக்காவிட்டால், படித்துக்கொண்டிருக்கும்போதே படம் வந்து விழுந்து வரிகளைக் கீழே தள்ளிவிடும். வாசகர் தாம் விட்ட இடத்தைத் தேட நேரும்.

இங்கே ஒரு பழிச்சொல்லைத் துடைக்க வேண்டும். தமிழ்த் தளங்கள் மெதுவாக இருப்பதற்குத் தமிழே காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். யூனிகோடு முறையில், இணையத்தில் பெரிதும் வழங்கும் யூடிஎப்-8 குறியீட்டில், ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும் தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டும் ஆகின்றன என்பது உண்மை. 'அன்பு' என்ற சொல்லில் அகரம், னகரம், புள்ளி, பகரம், உகரக் குறி என ஐந்து குறிகள். ஆகவே பதினைந்து பைட். ஆனால் கணக்கை முடிவு வரை போட்டுப் பாருங்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு சொல் கொண்ட ஒரு கட்டுரை ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோபைட் வரும். சர்வர் அதைச் சுருக்கி அனுப்பினால், தமிழ்க் குறிகளின் முற்பகுதி பைட்டுகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வருவதால், நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று குறைந்துவிடும். சுருக்காமல் அனுப்பினாலும்கூட, நான்கு மெகாபைட் படம் ஒன்றின் இடத்தில் இப்படிப்பட்ட கட்டுரைகள் அறுபது அடங்கும். ஒரு படத்தை நறுக்காமல் விட்டதற்கு ஒரு மொழியின்மேல் குறை சொல்வது நியாயமாகுமா?

அடுத்தது எழுத்துரு. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்கள் தமிழை இணையத்தில் ஏற்றிய காலத்திலும், அதற்குப் பின் சில ஆண்டுகளிலும், வாசகர் கணிப்பொறியில் தமிழ் எழுத்துரு இருக்காது. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு, இதை இறக்கிக்கொள்க என்று வாசலிலேயே அறிவித்தது. அன்று அது தவிர்க்க முடியாதது. இன்று பெரும்பாலான கைபேசிகளிலும் கணிப்பொறிகளிலும் தமிழ் எழுத்துரு தொடக்கத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. ஆயினும் நாம் அழகு கருதி, மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று மூன்று கனத்தில் ஓர் எழுத்துருவைச் சுமக்க வைத்திருந்தோம். கட்டுரை வந்து சேர்ந்த பிறகும், எழுத்துரு வரவில்லையே என்று உலாவி சில நொடி வெற்றிடம் காட்டிக்கொண்டு நின்றது. சாப்பாடு இலைக்கு வந்தும், வெள்ளித் தட்டு வரட்டும் என்று பசித்தவரைக் காக்க வைத்த கதைதான். இரண்டு கனங்களை நீக்கினோம். எஞ்சிய ஒன்றும் வரும்வரை, கருவியிலுள்ள எழுத்துருவிலேயே காட்டிவிடு என்று குறித்தோம்.

மூன்றாவதாக, வருகையாளர் எண்ணிக்கை காட்டும் பெட்டி, பகிர்வதற்கான பொத்தான்கள், முகப்பில் ஓடும் வாழ்த்துச் செய்தி ஆகியவை. இவை ஒவ்வொன்றும் வெளியிடத்திலுள்ள சர்வர்களிலிருந்து நிரல்களை வரவழைத்தன. நிரல் வந்து இயங்கி முடியும்வரை உலாவி தன் வேலையை நிறுத்திவைக்கும். கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்க்கு இது உடனே விளங்கும். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் துணையாள் தன் கரை நாடாவை வீசும்வரை நெய்பவர் கை காத்திருக்கத்தான் வேண்டும். கோர்வையில் அந்தக் காத்திருப்புக்குப் பயன் உண்டு. கரையும் உடலும் பிரியாமல் பிணைகின்றன. நம் முகப்பில் ஓடிய வாழ்த்துச் செய்தியால் என்ன பயன்? அதை எடுத்துவிட்டோம். பெட்டியையும் எடுத்துவிட்டோம். தேவையான ஒரு நிரலைப் பக்கம் வந்த பிறகு ஓடும்படி கடைசிக்குத் தள்ளினோம்.

எஞ்சியவை முதலிரண்டு கட்டங்கள். நம் தளம் இருந்த சர்வர் அமெரிக்காவில் இருந்தது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் கீழைக் கரைக்கு நேர்த்தொலைவு பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்வர, இயற்கை விதிப்படியே நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். கடலடிக் கம்பிகள் நேர்க்கோட்டில் கிடப்பதில்லை, இடையில் பல சந்திகளும் உண்டு. ஆதலால் நடைமுறையில் கால் நொடி என்று வைத்துக்கொள்ளலாம். கால் நொடிதானே என்று விட முடியாது. கைகுலுக்க ஒருமுறை, இரகசியக் குறியீட்டை ஒத்துக்கொள்ள ஒருமுறை, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒருமுறை எனக் குறைந்தது மூன்று பயணம். முக்கால் நொடி கழித்துத்தான் முதல் எழுத்து. நம்மைப் படிப்பவர்களில் மிகப் பலர் காஞ்சியிலும் சென்னையிலும் இருக்கையில் கடல் கடந்து போய் வருவானேன்? பக்கத்தின் படிகளை வாசகருக்கு அருகிலேயே வைத்து வழங்கும் ஏற்பாடுகள் இப்போது உண்டு. சென்னையிலும் மும்பையிலும் அவற்றுக்குக் கிடங்குகள் இருக்கின்றன. அதில் சேர்ந்தோம்.

இரண்டாம் கட்டத்தின் நோய் வேறு. ஒவ்வொருவர் கேட்கும்போதும், சர்வர் தரவுத்தளத்தைத் திறந்து, தலைப்பை ஓரிடத்திலும் கட்டுரையை ஓரிடத்திலும் தேடி எடுத்து, பக்கத்தைப் புதிதாக நெய்து கொடுத்துக்கொண்டிருந்தது. அன்றாடம் மாறும் செய்தித்தாளுக்கு அது வேண்டியதுதான். ஐந்தாண்டுக்கு முன் படிக்கப்பெற்ற கட்டுரை இன்று மாறிவிடுமா? ஒருமுறை நெய்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டால், கேட்பவர்க்கு எடுத்துக் கொடுப்பது ஒரு நொடி வேலை. அவ்வாறே பக்கங்களை முன்கூட்டி ஆயத்தம் செய்து வைத்தோம். இதனால் கூடுதல் கட்டணத் திட்டமே தேவையற்றதாயிற்று. பழைய திட்டத்துக்குத் திரும்பினோம். பொருளாளர் ஐயாவின் முகத்தில் அன்று நான் கண்ட மலர்ச்சியை மறக்க மாட்டேன்.

இந்த வகையில் நமக்கு வழிகாட்டியாகக் கொள்ளத்தக்கது மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியில், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களைக் கொண்டு தொடங்கப்பெற்ற அந்த மின்னூல் தொகுப்பின் பக்கங்களில் ஆடம்பரம் இல்லை, எழுத்து இருக்கிறது. இந்தியாவில் விஎஸ்என்எல் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, தொலைபேசிக் கம்பி வழியே சொட்டுச் சொட்டாக வந்த காலத்தின் சிக்கனம் அத்தகைய பக்கங்களில் தெரிகிறது. பின்னர்க் குழாய் பெரிதாகப் பெரிதாக நாம் ஊற்றுவதும் பெரிதாயிற்று. இணையப் பக்கங்களின் எடையைப் பதிந்து வரும் எச்டிடிபி ஆர்க்கைவ் கணக்கின்படி, 2010ஆம் ஆண்டின் இறுதியில் நடுத்தரமான ஒரு பக்கம் அரை மெகாபைட்டுக்கும் குறைவாக இருந்தது. இப்போது இரண்டு மெகாபைட்டைத் தாண்டி நிற்கிறது.

எவ்வளவு விரைவு போதும் என்று கேட்கலாம். ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதிய நூலில் மூன்று எல்லைகளைக் கூறினார். பத்தில் ஒரு நொடிக்குள் நடந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். ஒரு நொடிவரை சிந்தனை அறுபடாது. பத்து நொடிக்கு மேல் மனம் வேறிடம் போய்விடும். 2009இல் கூகுள் நிறுவனம், தேடல் பக்கத்தை நூறு முதல் நானூறு மில்லிநொடி வரை வேண்டுமென்றே தாமதப்படுத்திப் பார்த்தபோது, மக்கள் செய்யும் தேடல்களே ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஆறு வரை குறைந்தன. பக்கத்தின் முதன்மைப் பகுதி இரண்டரை நொடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பது அந்நிறுவனம் 2020 முதல் வைத்திருக்கும் அளவுகோல்களுள் ஒன்று. இவை வணிகர் வகுத்த எல்லைகள். எனினும் மனித மனத்தின் பொறுமையைத்தான் அளக்கின்றன.

ஆனால் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொரு நிகழ்ச்சி. யூடியூப் நிறுவனத்தில் பொறியாளராயிருந்த கிறிஸ் சக்கரயாஸ் என்பவர் 2012இல் அதை எழுதினார். ஏறத்தாழ 1.2 மெகாபைட் இருந்த காணொளிப் பக்கத்தை அவர் நூறு கிலோபைட்டுக்குள் அடக்கினார். ஒரு பகுதியினருக்கு மட்டும் அதைத் திறந்துவிட்டு, சராசரி நேரம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தார். குறையவில்லை, கூடியிருந்தது! தம் உழைப்பெல்லாம் வீண் என்று கைவிடும் நிலையில் இருந்தபோது, வருகையை நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்ததும் உண்மை வெளிப்பட்டது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா போன்ற பகுதிகளிலிருந்து, அதுவரை அந்தப் பக்கத்தைத் திறக்கவே முடியாதிருந்தவர்கள் பெருந்திரளாக வந்திருந்தார்கள். பழைய பக்கம் அவர்களுக்கு இருபது நிமிடம் ஆகும். ஆகவே யாரும் காத்திருந்ததில்லை. புதிய பக்கம் இரண்டு நிமிடத்தில் திறந்தது. அவர்கள் காத்திருந்து பார்த்தார்கள். அந்த இரண்டு நிமிடங்கள்தாம் சராசரியை உயர்த்தியவை.

அன்பர்களே, இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். திறக்க முடியாதவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வந்தவரை எண்ணுகிறோம், வாசலோடு திரும்பியவரை யாரும் எண்ணுவதில்லை. நம் முகப்பில் இருந்த எண்ணிக்கைப் பெட்டி, பக்கம் முழுதும் திறந்தவர்களை மட்டும் எண்ணி, நம்மை மகிழ்வித்துக்கொண்டிருந்தது. பெரியவர் நேரில் வந்து சொல்லியிராவிட்டால், நம் வாசகர் அனைவரும் மனநிறைவோடு படிக்கிறார்கள் என்றே இன்றும் நான் உங்களிடம் கூறிக்கொண்டிருப்பேன். தறியின் சொற்களைத் தந்த தெருவுக்கே அந்தச் சொற்கள் திரும்பிப் போகாதபடி நாம் ஒரு கதவைப் போட்டு வைத்திருந்தோம். கதவு போட்டிருப்பதுகூட நமக்குத் தெரியாது.

வேலைகளெல்லாம் முடிந்த பின் மறுபடியும் பிள்ளையார்பாளையம் போனேன். பெரியவர் கைபேசியில் தொட்டதும், கண்ணிமைத்துத் திறப்பதற்குள் என்று சொல்ல மாட்டேன், இரண்டு மூன்று நொடியில் ஆசிரியரின் பெயர் தெரிந்தது. பிறகு கட்டுரை. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தறியில் அமர்ந்தபடியே படித்தார். நான் ஏதும் பேசவில்லை. வெகு நேரம் கழித்து ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்க தப்பா இருக்குது தம்பி. முந்தியையும் உடலையும் சேக்கறது பெட்னி. கரையையும் உடலையும் சேக்கறதுதான் கோர்வை. வாத்தியார்கிட்ட ரெண்டையும் சொன்னேன். மாத்தி எழுதிட்டாரு."

அவர் சொன்னது சரி. உடலின் பாவு இழைகளோடு வேறு நிறமான முந்தியின் பாவு இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பது பெட்னி. கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி நெய்வது கோர்வை. கட்டுரையில் இரண்டும் இடம் மாறியிருந்தன. கூட்டத்தில் கேட்ட நம்மில் எவருக்கும் தெரியவில்லை. மெய்ப்புப் பார்த்த எனக்கும் தெரியவில்லை. அதை அறிந்திருந்த ஒருவருக்கோ பக்கம் திறக்கவில்லை. அங்கேயே திருத்தினேன். அடியில், திருத்தம் தந்தவர் ஒரு நெசவாளி அன்பர் என்று குறித்தேன். பெயரைப் போடட்டுமா என்றதற்கு, "வாத்தியார் பேரு இருக்குதில்ல, போதும்," என்றார்.

இந்த நகரில் தறிச் சங்கங்கள் தளம் வைத்திருக்கின்றன, கடைகள் வைத்திருக்கின்றன, இலக்கிய அமைப்புகளும் இதழ்களும் வைத்திருக்கின்றன. அவற்றை நடத்துவோர்க்கு என் அனுபவத்திலிருந்து ஒரு சிறு வேண்டுகோள். பக்கத்துக்கு எடை வரம்பு ஒன்று வையுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்குமுன் எதை இறக்குவது என்று கேளுங்கள். ஊகத்தால் பணம் செலவிடாதீர்கள். அளந்த பின் செலவிடுங்கள். சரிசெய்த பின்னும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மீண்டும் அளந்து பாருங்கள். எடை சொல்லாமல் ஏறும் இயல்புடையது. உங்கள் தளத்தை உங்கள் அறையில் பார்க்காமல், உங்கள் வாசகரிலேயே எளிய கைபேசி வைத்திருப்பவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாருங்கள். யாரேனும் ஒருவர் வந்து 'திறக்கவில்லை' என்றால், அவருக்குப் பின்னால் சொல்லாமல் திரும்பிப் போனவர்கள் பலர் என்று கொள்ளுங்கள்.

வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் இன்னும் பல கட்டுரைகள் படிக்கப்பெறும். அவை ஒவ்வொன்றிலும் ஒரு பெட்னி, ஒரு கோர்வை இடம் மாறியிருக்கலாம். திருத்தத் தெரிந்தவர் எங்கோ ஒரு தெருவில் கைபேசியோடு காத்திருக்கிறார். அவர் கைக்கு நம் பக்கம் போய்ச் சேர வேண்டும் என்ற வேண்டுதலோடு என் உரையை நிறைவு செய்கிறேன்.